பஸ்ஸில் வந்த டாக்டர்

கேள்வி: புதுக்கோட்டை பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அண்ணனுக்கு மனநோய். மனநல டாக்டர் அங்கெல்லாம் வருவாரா? (பூன் லே வாசகர்)

பதில்: பஸ்ஸிலேயே வந்தார், அதுவும் திரையில்! டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம், 2010-இல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. உள்ளே ஆலோசனை அறை, மருந்தகம். சென்னை டாக்டர் காணொளியில் விசாரித்தார்; மாத்திரை அங்கேயே கைக்கு வந்தது.

நோயாளியை அந்த பஸ்ஸின் படியேற வைத்தவர்கள் உள்ளூர்ப் பணியாளர்கள். பேய் பிடிக்கவில்லை, இது நோய், குணப்படுத்த வழியுண்டு என்று வீட்டாருக்குப் புரியவைப்பதுதான் சிகிச்சையில் பாதி. இதற்கு ஊர்க்காரர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

இப்போது இந்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையும் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், தமிழிலும் பேசலாம். அண்ணன் வீட்டாரை 14416-க்கு இன்றே அழைக்கச் சொல்லுங்கள்.