ஐன்ஸ்டீனுக்குக் கணக்கு எதற்கு?

இயற்பியல் மாணவர்களே, புத்தகங்களை மூட்டை கட்டுங்கள். நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு, டென்சர் என்று உங்கள் தூக்கத்தைக் கெடுத்த சங்கதிகள் எல்லாம் வீணாம். ஈர்ப்பைக் கண்டுபிடிக்க ஐன்ஸ்டீனுக்குக் கணக்கு உதவவே இல்லை என்று 2019 செப்டம்பரில் மத்திய அமைச்சர் பியூஷ் கோயல் திருவாய் மலர்ந்தருளினார். மறுநாளே, நியூட்டன் என்று சொல்ல வந்து வாய் தவறிவிட்டது என்றார். நுண்கணிதத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரே அந்த நியூட்டன்தான். திருத்தத்துக்கும் ஒரு திருத்தம் போட ஆளில்லை.

இந்த ஞானம் கிடைக்காத ஐன்ஸ்டீன், பாவம், 1912இல் ஜூரிக்குக்குப் போய், உடன் படித்த கணிதப் பேராசிரியர் மார்செல் கிராஸ்மனிடம் கையேந்தினார். அவர் காட்டிய ரீமன் வடிவியலோடு மூன்று ஆண்டு மல்லுக்கட்டினார். 1913இல் தன் ஈர்ப்புக் கோட்பாட்டை வைத்துப் புதன் கோளின் பாதை விலகலைப் போட்டுப் பார்த்தால், நூற்றாண்டுக்கு 43 விகலை வரவேண்டிய இடத்தில் 18தான் வந்தது.

நம் ஆட்சியாளர்களைக் கேட்டிருந்தால் வழி சொல்லியிருப்பார்கள்: புதனைத் தேசத் துரோகி என்று அறிவி, தொலைநோக்கிக்குப் பூட்டுப் போடு, 18தான் புதிய 43 என்று முழுப் பக்க விளம்பரம் கொடு. அசட்டு மனிதர், கடைசியில் தன் கோட்பாட்டையே தூக்கிப் போட்டார். 1915 நவம்பரில் புதுக் கோட்பாடு 43ஐத் தந்தது.

நாம் கெட்டிக்காரர்கள். வேலையின்மை 6.1 சதவீதம் என்று சொன்ன அரசின் சொந்தக் கணக்கெடுப்பு, 2019 தேர்தல் முடிந்த பிறகுதான் அதிகாரபூர்வமாக வெளியே வந்தது. அதற்குள் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர் இருவர் பொறுக்க முடியாமல் பதவி விலகியிருந்தார்கள். குடும்பங்கள் எவ்வளவு செலவழிக்கின்றன என்று அளந்த 2017-18 கணக்கெடுப்போ, தரவில் தரம் இல்லை என்று குழிதோண்டிப் புதைக்கப்பட்டது.

அமைச்சர் பேசிய நேரத்தில் காலாண்டு வளர்ச்சி 5 சதவீதம். கனவோ 5 லட்சம் கோடி டாலர் பொருளாதாரம். இரண்டிலும் ஐந்து இருக்கிறதே, அப்புறம் என்ன கணக்கு வேண்டிக்கிடக்கிறது?

சமன்பாட்டுக்கு அமைச்சர் யார், வாக்காளர் யார் என்று தெரியாது. அதிகாரத்துக்கு அதன்மேல் உள்ள காழ்ப்பு அதனால்தான். நாட்டின் கணக்கைப் பார்க்காதே என்று மேடையில் சொன்னால் கைதட்டுகிறோம். வீட்டுக்கு வந்து, பிள்ளை கணக்கில் 99 வாங்கினால் மிச்சம் ஒரு மார்க் எங்கே என்று முதுகில் நாலு வைக்கிறோம்.