அப்பச்சி யாருக்கு யார்?

சிக்கன் செட்டிநாடு உலகம் சுற்றிவிட்டது. செட்டிநாட்டுப் பேச்சுக்கோ திருச்சி தாண்டினாலே ஆள் வைத்து விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோவைக் கல்லூரி விடுதியில் சேர்ந்த காரைக்குடிப் பையன், “எங்க அப்பச்சி பைக் வாங்கித் தாரேன்னுருக்காக” என்கிறான். கொங்குக்கார அறைத்தோழனுக்கு அப்பச்சி என்றால் அம்மாவைப் பெற்ற தாத்தா. “குடுத்து வெச்சவன்டா, எங்க அப்பச்சி மிட்டாயே வாங்கித் தரமாட்டாரு” என்று பெருமூச்சு விடுகிறான். செட்டிநாட்டு நகரத்தார் வீட்டு அப்பச்சி பெற்ற அப்பாதான் என்பது அவனுக்குத் தெரிய ஒரு செமஸ்டர் ஆகும்.

சென்னையில் இன்னும் மோசம். “எங்க ஆயா வைரத்தோடு போட்டிருப்பாக” என்று சொல்லிப் பாருங்கள். மாதச் சம்பளம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள். பாவம், அது அம்மாவைப் பெற்ற பாட்டி.

நெல்லையிலிருந்து காரைக்குடிக்கு மாற்றலாகி வருகிறவருக்கு ஆச்சி என்றால் பாட்டி. இங்கே கல்யாணமான இளம்பெண்ணும் மரியாதைக்கு ஆச்சிதான். பள்ளத்தூரில் வளர்ந்த மனோரமாவால் அந்தச் சொல்லாவது தமிழ்நாடு முழுக்கப் பரவியது.

அதோடு சரி. செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீடுகளுக்குச் சினிமாவில் நல்ல கிராக்கி. பர்மா தேக்குத் தூண்கள் நிற்கும் முகப்பில் நின்றுகொண்டு கதாநாயகன் மட்டும் மதுரைத் தமிழில் அரிவாளைத் தேடுவான்.

இயக்குநர்களே, வீட்டை வாடகைக்கு எடுக்கும்போது வீட்டுக்கார ஆச்சியிடம் நாலு வசனத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு வாடகை கிடையாது.