தியேட்டர் அழைப்பியல்

திருநெல்வேலி டவுணில் வீடு பார்க்கும் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர்களின் நன்மை கருதி இந்நூல் செய்யப்பட்டது.

1. இருப்பு

கால் டூட்டியாவது, அழைப்பை எதிர்பார்த்து, வேலை செய்யாமலும் வேலையை விட்டு நீங்காமலும் இருத்தல். அது மூவகைப்படும்.

உள்ளிருப்பு: ஷிப்ட் போட்டு தியேட்டரிலேயே இருப்பது. ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற பேரிடங்களுக்கு உரியது.

வீட்டிருப்பு: போனைத் தலைமாட்டில் வைத்துப் பாதித் தூக்கம் தூங்குவது. சிறு நர்சிங் ஹோம்களுக்கு உரியது.

தொங்கிருப்பு: பகல் டூட்டி முடிந்து பையைத் தோளில் மாட்டியபின், "சிஸ்டர், இந்த ஒரு கேஸ் மட்டும் பாத்துட்டுப் போங்க" என்று நீள்வது. எந்த நியமன ஆணையிலும் இது எழுதப்படுவதில்லை. ஆகவே எங்கும் வழங்கும்.

2. அழைப்பு

ஓடி வருவது, நடந்து வருவது, விடிந்து வருவது என அழைப்பும் மூன்று. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிய சிசேரியன் முதலாவது. அப்பெண்டிக்ஸ் பெரும்பாலும் இரண்டாவது. மூடிய எலும்பு முறிவு பல மூன்றாவது. போனில் மூன்றுக்கும் ஒரே வாசகம்: "உடனே வாங்க."

உயிர் ஊசலாடும் சிசேரியனுக்கு, முடிவெடுத்ததிலிருந்து 30 நிமிடத்துக்குள் குழந்தை வெளியே வர வேண்டும் என்பது பிரிட்டனின் வழிகாட்டு நெறி. அந்த அரைமணி முழுவதும் சிஸ்டரின் ஸ்கூட்டருக்கு என்று கொள்ளற்க. கை கழுவ வேண்டும், ட்ராலி விரிக்க வேண்டும், மாப், ஊசி எல்லாம் எண்ணி வைக்க வேண்டும். வயிற்றை மூடும் முன் மறுபடி எண்ணி, "கவுண்ட் கரெக்ட்" என்று சிஸ்டர் உரக்கச் சொல்ல வேண்டும். பாதித் தூக்கத்தில் எழுந்து வந்தவரிடம்தான் இந்தக் கணக்கு ஒப்படைக்கப்படுகிறது.

3. தொலைவு

வரைபடத் தொலைவு, கடிகாரத் தொலைவு என இது இரண்டு. டவுண் கோயில் வாசலிலிருந்து ஹைகிரவுண்டுக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான், நடுவில் தாமிரபரணி. 1843-ல் சுலோச்சன முதலியார் தம் செல்வத்தால் பாலம் கட்டித்தரும் வரை அதைத் தோணியில் கடந்தார்கள். இப்போது இரவு இரண்டு மணிக்குப் பாலத்தில் பறக்கலாம். மாலை ஆறு மணிக்கு ஜங்ஷனில் ஊரவேண்டும்.

இதற்குப் புறனடை இரண்டு. ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிக்குள் குடியிருப்பவர் தேர் நிலைக்கு வந்த பிறகே வண்டியை எடுக்க முடியும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஆறே ஜங்ஷனுக்கு வந்துவிட்டது.

மூன்றாவதை வீட்டுக்கார ஆச்சி சொல்வார்: "பத்து மணிக்கு கேட்ட பூட்டிருவோம்மா." சாவி கேட்டு வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்கற்க.

4. கூலி

கேஸ் வந்தால் பணம், வராவிட்டால் நன்றி என்பது பரவலான வழக்கு. பெல்ஜியத்தின் நிவெல் நகரில் ஒரு தீயணைப்பு வீரர், அழைத்தால் 8 நிமிடத்தில் வந்தாக வேண்டும் என்பதால் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தார். அந்தக் காத்திருப்பும் வேலை நேரமே என்று 2018-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்தது. நம் நாட்டில், 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-ல் மத்திய அரசு அமைத்த குழு சொன்னது. பரிந்துரையாகச் சொன்னது, ஆணையாக அன்று.

5. ஒழிபு

ஆகவே நேர்முகத்தில் கேட்க வேண்டியவை ஐந்து: மாதம் எத்தனை கால்? எத்தனை நிமிடத்தில் வர வேண்டும்? இரவு வண்டி யாருடையது? கேஸ் வராத இரவுக்கு என்ன தருவீர்கள்? விடிய விடிய நின்றால் மறுநாள் ஆஃப் உண்டா?

"அதெல்லாம் பாத்துக்கலாம் சிஸ்டர்" என்பது விடையாகாது. ஐந்துக்கும் எழுத்தில் பதில் தராத இடத்தை நம்பி வீடு மாற்றாதீர்கள்.