‘டைட்’ முதலாளி

பொத்தேரிப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையோரத்து லாரிப் பட்டறை எதிலாவது, கவிழ்த்துப் போட்ட கிரீஸ் டப்பாவின்மேல் துண்டை விரித்து, நெற்றியிலே சந்தனமும் விரலிலே நவரத்தின மோதிரமுமாக வீற்றிருந்து, ஜாக்கியின் மீது நிற்கும் தமது டிப்பரை அல்ல, அதன் கீழே படுத்திருக்கும் மேஸ்திரியையே கண்கொட்டாமல் கண்காணிக்கும் ஒருவரைக் கண்டால், அவர்தாம் நமது கதாநாயகர். பட்டறைப் பையன்கள் அவருக்குச் செய்திருக்கும் நாமகரணம் ‘டைட் முதலாளி’. பிரேக் நிற்கவில்லையென்று டிரைவர் எத்தனை முறை முறையிட்டாலும், “ஸ்லாக்கக் கொஞ்சம் டைட் வெச்சு அனுப்பு மேஸ்திரி, லைனிங் அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்பதே அவருடைய ஏக மந்திரம்.

பிரேக்கை மிதித்தால், காற்று சேம்பருக்குள் புகுந்து ஒரு தண்டைத் தள்ளும். தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்ப, அதனோடு சுழலும் கேம் இரண்டு ஷூக்களையும் அகட்டி, அவற்றின்மேல் ரிவெட் அடித்த லைனிங்கை டிரம்மோடு உராயச் செய்யும். லைனிங் தேயத் தேயத் தண்டு போகவேண்டிய தூரம் நீளும். ஸ்லாக்கைத் திருகினால் தூரம் குறையும். குறைந்த தூரத்தினால் தேய்ந்த லைனிங் மறுபடி வளர்ந்துவிடாது என்பதை முதலாளி சித்தாந்தமாக ஒப்புக்கொள்வார். அனுஷ்டானத்துக்குத்தான் கொண்டுவர மாட்டார். “1962-லேயே நம்ம பாடியில சுந்தரம் கிளேட்டன் ஆரம்பிச்சாச்சு, மெட்ராஸ் ஏர் பிரேக்குன்னா சும்மாவா?” என்று அந்தக் கம்பெனியின் கீர்த்தியைத் தம் லைனிங்குக்கு ஜாமீனாக நிறுத்துவார்.

அவரைக் கருமி என்பது அபாண்டம். ஆயுத பூஜைக்கு ஆளுயர மாலை, கண்ணாடிக்கு வெல்வெட் குஞ்சம், அண்டை கிராமத்தையும் எழுப்பிவிடும் ஹாரன் ஆகியவற்றுக்குக் கை கூசாமல் செலவழிப்பார். லைனிங் செய்த பாவமெல்லாம் டிரம்முக்குள் மறைந்திருப்பதுதான். சிங்கப்பெருமாள் கோயில் குடைவரையில் எழுந்தருளியிருக்கும் பாடலாத்ரி நரசிம்மரிடம் அவருக்கு அபார பக்தி. பிரஹ்லாதன் அழைத்த க்ஷணமே தூணைப் பிளந்துகொண்டு வந்தவர், நாளை என்ற பேச்சையே அறியாதவர் என்று சந்நிதியில் கண்ணீர் மல்க உருகிவிட்டு, வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே மேஸ்திரிக்குப் போன் செய்து, “நாளைக்குப் பாத்துக்கலாம்பா” என்பார்.

எட்டு வயது தாண்டிய வண்டிக்கு வருஷந்தோறும் எஃப்.சி. என்ற சோதனை வருமல்லவா, அப்போதுதான் சக்கரங்கள் கழலும். பத்துச் சக்கர டிப்பருக்கு மூன்று அச்சு, ஆறு டிரம், பன்னிரண்டு ஷூ. ஸ்பானரின் பிடியில் நீளக் குழாயைச் செருகி அதன்மேல் ஒருவன் ஏறிக் குதித்தால்தான் துருவேறிய நட்டு அசையும். பிறகு இரட்டை டயர்களை உருட்டி, ஹப்பைக் கழற்றி, இருவர் தம் கட்டி டிரம்மை இறக்கி, பழைய ரிவெட்டுகளைத் தட்டியெடுத்துப் புது லைனிங்கை வைத்து அடித்து, பேரிங்குக்குக் கிரீஸ் திணித்து, கசியும் ஆயில் சீலை மாற்றி முடிப்பதற்குள் அந்தி சாய்ந்துவிடும். டிரம்முக்குள் படிந்த தூசியைப் பையன் காற்றுக் குழாயால் ஊதும்போது முதலாளி துண்டால் மூக்கை மூடிக்கொள்வார். பையனிடம் துண்டு கிடையாது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும், அது நுரையீரலுக்கு எமன் என்பதை அவனிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

“பாருங்க முதலாளி, ரிவெட்டு டிரம்மையே உழுதிருக்கு. லேத்துல விட்டாலும் தேறாது, புதுசுதான் போடணும்” என்பார் மேஸ்திரி. லைனிங்கில் மிச்சம் பிடித்தது டிரம்மாக விடிந்திருக்கிறது.

“உள்ள யாருப்பா பாக்கப் போறாங்க?”

“பிரேக் இன்ஸ்பெக்டரு பாப்பாரு முதலாளி.”

இதற்குப் பிறகு நடக்கும் கூலிப் பேரத்தை வர்ணிக்க ஆதிசேஷனாலும் ஆகாது. “நாலு நட்டக் கழட்டி மாட்ட இவ்ளோவா?” என்று தொடங்கி, இரண்டு டீக்களுக்கு அப்பால், பின்னச்சு இரண்டுக்கும் புது லைனிங், முன்னச்சுக்கு வழக்கம்போல ‘டைட்’ என்று சமாதானம் ஏற்படும்.

“லைனிங் செட் ஆவற வரைக்கும் பாத்து ஓட்டுப்பா” என்று மேஸ்திரி எச்சரிக்க, டிரைவர் ஸ்டார்ட் செய்துகொண்டு, “ஏறுங்க முதலாளி, கூடுவாஞ்சேரில வூட்டாண்டயே எறக்கி வுட்டுடறேன்” என்று பவ்யமாகக் கதவைத் திறப்பான். எதிரே பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாகச் சாலையைக் கடந்துகொண்டிருப்பதையும், தமது டிப்பரின் முன்சக்கரங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நீ போப்பா, நான் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல வந்துடறேன்” என்று, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முதலாளி பொத்தேரி ஸ்டேஷனை நோக்கி நடப்பார்.