ப - சக்கை

வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் சார்ட் எழுதுவது எப்படி என்று புதிதாக வேலைக்கு வந்த டீச்சர்மார் கேட்கிறார்கள். கோட்டுகால், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் தமிழ் எடுக்கிறவர்களுக்கு என்னால் ஆன யோசனை இது.

முதலில், சார்ட் யாருக்கு? ஏ.இ.ஓ. ஆபீஸிலிருந்து பார்வையிட வருகிறவருக்கு. அவர் தலைக்கு ஒரு சாண் மேலே ஆணி அடியுங்கள். பிள்ளைகளின் கண்மட்டத்தில் மாட்டினால் எழுத்தை விரலால் தடவிப் பார்ப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி சார்ட் பேப்பர் பாழாகும்.

எல்லாவற்றையும் ராத்திரி வீட்டிலேயே எழுதி முடித்துவிடுங்கள். பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவது என்றும் ஒரு வழி உண்டு. வரி கோணும், அடித்துத் திருத்த வேண்டிவரும், நடுவில் ஒருத்தன் தன் வீட்டு ஆட்டின் பெயரையும் எழுதச் சொல்வான். போதாததற்கு, சார்ட்டில் என்ன இருக்கிறது என்று வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும்.

படம் பெரிதாக இருக்கட்டும், எழுத்து மூலையில் இருந்தால் போதும். நானும் 'ப'வுக்குப் பலாப்பழம் வரைந்தேன். முள் முள்ளாக இரண்டு மணி நேரம். மறுநாள் குச்சியை வைத்ததும் வகுப்பே ஒரே குரலில் சொன்னது: "சக்கை, டீச்சரே!" அவர்கள்மேல் தப்பில்லை. இங்கே பலாவுக்குப் பெயர் சக்கை, மரவள்ளிக்கு மரச்சீனி. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை போட்டவர்கள் சக்கையிடம் சொல்லவில்லை போலும். இரண்டு பக்கமும் அது சக்கையாகவே காய்க்கிறது. 'வெ'வுக்கு வெள்ளம் என்று கரைபுரளும் ஆற்றை வரைந்தேன். ஒருத்தி எழுந்து வந்து பக்கத்தில் ஒரு செம்பு வரைந்தாள். குடிக்கிற வெள்ளமாம். அதற்காகச் சக்கையை 'ச' சார்ட்டில் போட்டுவிடாதீர்கள். செந்தமிழ் கெட்டுவிடும்.

(படத்தோடு நிஜமாகவே உறவு வைத்திருந்த எழுத்தும் ஒன்று உண்டு. 'யானை'யின் 'னை'க்கு அந்தக் காலத்தில் தும்பிக்கை இருந்தது. தமிழ்நாட்டு அரசின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் அதையும் நறுக்கிவிட்டார்கள்.)

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247-ஐயும் ஒரே சார்ட்டில் அடைத்துவிடுங்கள். தூரத்திலிருந்து பார்க்க பாலராமபுரம் கைத்தறிச் சேலை மாதிரி அழகாக இருக்கும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். மலையாளத்தில் 'க'வின் ஒலிகளுக்கு நான்கு எழுத்து. தமிழில் ஒன்றே ஒன்று. இரண்டும் படிக்கிற பிள்ளை, "இது எந்தக் 'க' டீச்சரே?" என்று கேட்கத்தான் செய்யும். சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை: கல், பக்கம். 'ங்' அடுத்து வந்தால் அதிர்ந்து ஒலிக்கும்: தங்கம். உயிருக்கு நடுவே வந்தால் மெலியும்: நகம். நான்கு சொல், கால் சார்ட் போதும். ஆனால் இதை எழுதி மாட்டினால் பிள்ளைகள் படத்தைப் பார்க்காமலே வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். பிறகு நீங்கள் முள் முள்ளாக வரைந்ததற்கு என்ன மரியாதை?

என் வகுப்பில் சார்ட்டை நிமிர்ந்தே பார்க்காத பையன் ஒருத்தன் இருந்தான். ஒருநாள் பாலராமபுரம் ஜங்ஷனில் அம்மாவோடு நின்றிருந்தான். திருவனந்தபுரத்திலிருந்து தமிழ்நாட்டு பஸ் ஒன்று வந்து நிற்க, போர்டை எழுத்துக் கூட்டினான்: நா, க, ர், கோ... அந்தக் 'க'வை மெல்லச் சொன்னான், 'கோ'வை அழுத்திச் சொன்னான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் மாமா வீட்டுக்கு அதுதான் பஸ். தவறவிட்டால் அடுத்தது வரும்வரை வெயிலில் நிற்க வேண்டும்.