மாடிப்படியில சொன்ன நோட்டீஸ்

மருமவனே, இந்த மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணப் போறியாமே? ஓனரம்மா காய்கறிப் பையோட மாடி ஏறி வரும்போது, "ஆன்ட்டி, நாங்க வேற வீடு மாறலாம்னு இருக்கோம்"னு சொல்லிட்டியாம். கெட்டிக்காரன்தான் போ! கத்திரிக்காயைக் கூடையில கொட்டுறதுக்குள்ள அந்தம்மா அதை மறந்திருக்கும். பத்து மாச அட்வான்ஸைத் திருப்பிக் கேப்பே பாரு, அப்பத்தான் "நோட்டீஸே குடுக்கலையே தம்பி"ன்னு ஞாபகம் வரும்.

ஆபீசுல எவனோ பதினஞ்சு நாள் போதும்னு சொன்னானாக்கும். அவன் சொன்னது பொய்யில்லை. 1882-ஆம் வருசத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 106-ஆம் பிரிவு, மாச வாடகைக்குப் பதினஞ்சு நாள்னுதான் சொல்லுது. விவசாய நிலத்துக்கும் ஆலைக்கும் ஆறு மாசம். பருத்திச் செடிக்கு ஆறு மாசம் இரக்கப்பட்டவன், பிள்ளைகுட்டிக்காரனுக்கு அரை மாசம் போதும்னுட்டான்!

ஆனா அந்தப் பதினஞ்சு நாள் எல்லாம் வேற ஒப்பந்தம் இல்லாதவனுக்கு. நீதான் பதினோரு மாச அக்ரிமென்ட்ல, பேனா எழுதுதான்னு பாக்கிற மாதிரி பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டவனாச்சே. எடுத்துப் பாரு, ரெண்டு மாச நோட்டீஸ்னு உள்ள எங்கயாவது பதுங்கியிருக்கும். எதுத்தாப்பில இருந்து படிச்சா ஓனர் தப்பா நினைப்பாருன்னு கூச்சப்பட்டிருப்பே. உங்க அப்பனும் அப்படித்தான்.

அந்தக் காலத்துல நோட்டீஸ் வாடகை மாசத்தோட கடைசி நாளோட முடியணும். ஒரு நாள் பிசகினாலும் செல்லாதுன்னு, அந்த ஒத்த நாளை வச்சே கேஸ் இழுத்துக்கிட்டுக் கிடக்கும். 2002-ல திருத்தம் போட்டு அந்தப் பொழப்பைக் கெடுத்துட்டாங்க. இப்போ நோட்டீஸ் கைக்குப் போய்ச் சேந்த நாள்ல இருந்துதான் கணக்கு. சேந்ததுக்குச் சாட்சி வேணும்லா? தேதி, கதவு நம்பர், காலி பண்ணுற நாள் எல்லாம் போட்டு ரெண்டு காப்பி எழுது. ஒண்ணை ஓனர்கிட்ட குடு. மத்ததுல "பெற்றுக்கொண்டேன்"னு தேதியோட கையெழுத்து வாங்கு. மாட்டேன்னாருன்னா, ஒப்புகை வர்ற மாதிரி தபால்ல தட்டிவிடு. வாட்ஸ்அப்ல நீல டிக் விழுந்துட்டுன்னு பூரிச்சுப்போய் உக்காந்திராதே.

அட்வான்ஸ் சங்கதிக்கு வாரேன். நம்ம தமிழ்நாட்டுச் சர்க்கார் 2017-ல போட்டு 2019-ல அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கப்படாதுங்குது. கூடவே, "வேறுவிதமா ஒப்பந்தம் இருந்தாலொழிய"ன்னு ஒரு சந்தும் விட்டிருக்கு. அந்தச் சந்து வழியாத்தான் உன் பத்து மாசப் பணம் போயிருக்கு. காலி பண்ணுன ஒரு மாசத்துக்குள்ள, பாக்கியைக் கழிச்சுக்கிட்டுத் திருப்பிக் குடுக்கணும்னும் சட்டத்துல இருக்கு. பெயிண்டுக்கு ஒரு மாச வாடகைன்னு ஒரு வரி அக்ரிமென்ட்ல இருக்கான்னு இப்பவே பாத்துக்கோ. சாவி குடுக்கும் முன்னால ஒவ்வொரு செவுத்தையும் போட்டோ எடுத்து வை. "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க"ன்னு வாடகையை நீயா நிறுத்திப்புடாதே. அவர் சம்மதத்தை எழுத்துல வாங்கிக்கிட்டு நிறுத்து. இல்லேன்னா கடன்காரன்னு பேரு உனக்குத்தான்.

என்னது, புது வீட்டுக்கும் காசு கட்டிட்டியா? அப்போ ரெண்டு மாசம் ரெண்டு வாடகை. கவலைப்படாதே. ஒரு வீட்டுல நானும் உங்க அத்தையும் வந்து இருந்துக்கிடுதோம். எங்களைக் கிளப்ப நோட்டீஸெல்லாம் வேண்டாம், வேளாவேளைக்கு உன் சமையலைப் போடு, போதும்.