பெண் தராத ஊரில் மனை

எழுபதுகளில் ராமநாதபுரம் பக்கம் 'மாப்பிள்ளைக்கு அந்தமானில் வேலை' என்று சொன்னால் வாசலிலேயே பேச்சு முடிந்துவிடும். கைதிகளைக் கப்பலேற்றிய ஊர், செல்லுலார் ஜெயில் இருக்கிற ஊர், போனவன் திரும்பமாட்டான் என்பதுதான் பெரியவர்களுக்குத் தெரிந்தது. கேட்ட வீட்டிலெல்லாம் கையை விரித்த பிறகு, அத்தை மகளையே அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வாந்தியெடுத்துக் களைத்து, ஹாடோ துறையில் கால் ஊன்ற முடியாமல்தான் இறங்கியதாக அம்மா சொல்வாள்.

இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கணினி வேலை பார்க்கும் பிள்ளைகள் போன் போட்டுக் கேட்கிறார்கள்: "அங்கிள், போர்ட் பிளேர் பக்கம் மனை என்ன விலை போகுது?" 2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், அவர்கள் வாயிலும் என் வாயிலும் பழைய பெயர்தான் வருகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு இருபது வருஷத் தவணை, அதிலும் பாதி நேரம் போக்குவரத்தில் போய்விடுகிறது என்று சொல்கிறார்கள். கேட்கும்போது மனசு இளகத்தான் செய்கிறது. அப்பா கப்பலேறியதும் இதே ஏக்கத்தில்தான். ஊரில் அவருக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது.

ஆனால் அன்று நிலம் கிடைத்த விதம் வேறு. 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகளை அரசே அழைத்துவந்து, குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் கொடுத்தது: வயலுக்கு ஐந்து, மேட்டில் ஐந்து. 1969 முதல் முன்னாள் ராணுவத்தினரைப் பெரிய நிக்கோபாரின் கேம்பல் பேயில் குடியேற்றியது. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குப் போனார்கள். அப்பாவைப்போலக் கூலிக்கு வந்தவர்களை யாரும் அப்படிக் குடியேற்றவில்லை. கான்ட்ராக்டரிடம் ரோடு வேலை. இரவில் காட்டோரம் போட்ட தகரக் குடிசை.

பிறகு அரசு ஒரு கோடு கிழித்தது. 1978-க்கு முன் வந்து உட்கார்ந்தவர்களுக்கு இடம் வரன்முறையாகும், அதற்குப்பின் வந்தவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். எங்கள் குடிசை கோட்டுக்கு இந்தப் பக்கம். பக்கத்து வீட்டுச் சித்தப்பா அந்தக் கோட்டுக்குப் பிறகு ஊரிலிருந்து வந்தவர். அதே தகரம், அதே மூங்கில், அதே ரோடு வேலை. எங்களுக்குப் பேப்பர் வந்தது. அவருடைய பேரன்களுக்கு இன்றுவரை வரவில்லை. இதை நினைக்காமல் என்னால் மனை விலை பேச முடியவில்லை.

1966-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி இங்கே மண் முழுவதும் மத்திய அரசுடையது. அது அளித்த உரிமையில் நாங்கள் இருக்கிறோம். நிக்கோபாரில் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம் 1956 முதல் இருக்கிறது. வெளியார் அங்கே நிலம் சேர்க்க முடியாது. மீதித் தீவுகளிலும் பெரும்பகுதி காடுதான், அது அப்படியே இருக்கவேண்டும். போர்ட் பிளேர் நிற்கும் மண்ணே கிரேட் அந்தமானியர்களின் மண். அவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் சில பத்துப் பேர். நிலம் இல்லாமல் வந்த எங்களுக்கு இடம் கிடைத்ததும் அவர்கள் இழந்ததில்தான்.

இப்போது இந்தக் கேள்விகள் வருவதற்குக் காரணம் ஒரு கேபிள். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடியில் 2,312 கிலோமீட்டர் ஃபைபர் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோள் வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்த இணையத்தில் ஒரு படம் அனுப்பவே பொழுது போய்விடும். இன்று இங்கே உட்கார்ந்து பெங்களூர் வேலையைப் பார்க்கலாம். கேபிள் கொண்டுவராதவை பல. நகரம் நம்பியிருப்பது தனிக்காரி அணையை. கோடையில் அது வற்ற வற்றக் குழாய்த் தண்ணீர் நாள் விட்டு நாள் தள்ளிப்போகும். மின்சாரத்தில் பெரும்பங்கு டீசல் ஜெனரேட்டர் தருவது. அப்பா காலத்தில் படாக் மரத்தூண் நட்டு வீடு எழுப்பினார்கள். 2002-இல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தி, கடற்கரை மணல் எடுப்பதையும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. சரியான உத்தரவு அது. சிமென்டும் கம்பியும் கப்பலில்தான் வருகின்றன. கடல் கொந்தளித்தால் கொத்தனார் சும்மா இருப்பார். பூகம்பம் அதிகம் தாக்கும் ஐந்தாம் மண்டலம் என்பதால் கம்பியைக் குறைக்கவும் கூடாது.

என் அண்ணன் மகன் இங்கே பிறந்தவன், தீவுக்காரர் அட்டை வைத்திருப்பவன். கராச்சர்மாவில் ஒரு துண்டு இடம் வாங்கப் பார்த்தான். வெளியூர்ப் பணம் ஏற்றிய விலை அவன் சம்பளத்துக்கு எட்டவில்லை. கடைசியில் கூடுவாஞ்சேரியில் ஃப்ளாட் வாங்கிக் குடும்பத்தோடு போய்விட்டான். என்னிடம் மனை கேட்டவர்களில் ஒரு ஜோடி குடியிருப்பது அதே கூடுவாஞ்சேரியில். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வெளியாருக்கு விற்க மேலும் வழி திறப்பதற்கு முன், இங்கேயே பிறந்து பேப்பர் இல்லாமல் இருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டுமனை தரவேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்பேன், கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அந்த ஜோடியிடம் உள்ளதைச் சொன்னேன். வருவாய் அலுவலகத்தில் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் தராதீர்கள். முதலில் வாடகைக்கு வாருங்கள், அதுவும் மார்ச், ஏப்ரலில். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் திரும்ப அழைத்து, டெலானிப்பூரில் வீடு பார்க்கச் சொன்னாள். பெரிய தண்ணீர்த் தொட்டி உள்ள வீடாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.